பிரேக் கேபிள்

மலேசியாவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை மறுபடியும் காடாக விட்டுவிட்டார்கள். அங்கே மரக்கன்று நடுவதும், பழைய கண்ணிகளை எடுப்பதும் என் வேலை. இன்று ஒரு ரப்பர் மரத்தடியில் துருப்பிடித்த பிரேக் கேபிளைப் பார்த்தேன். பாதியை மரம் விழுங்கியிருந்தது.

அப்பா மோட்டார் சைக்கிள் கேபிளில்தான் காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைப்பார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அதில் ஒரு தாப்பிர் குட்டி மாட்டியது; பன்றி மாதிரி உடம்பு, குட்டைத் தும்பிக்கை. உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு. விசில் அடிப்பது மாதிரி கத்தியது. அப்பா விட்டுவிடுவார் என்று நம்பி, நான்தான் ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "சே, இது திங்க ஆவாது."

"கேபிள வெட்டி விடுங்கப்பா."

"புது கேபிள் லா இது. உங்க தாத்தாவா வாங்கிக் குடுப்பாரு? தலைய அமுக்கிப் புடி."

முடிச்சை அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்துப் பிடித்தேன். பாராங் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தார். எப்போதும் அப்படித்தான் துடைப்பார். கேபிளில் மாட்டியிருந்த முன்னங்காலில் ஒரே போடு.

குட்டி மூன்று காலில் காட்டுக்குள் ஓடியது. அப்பா கேபிளைக் கழுவி அதே இடத்தில் கட்டினார். இரண்டு நாள் வரை விசில் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

"இந்தக் காட்டுக்குத் தாப்பிருங்க திரும்பி வரும்னு சொல்றாங்க," என்றார் கூட வேலை செய்யும் மணியம் அண்ணே. "அந்தக் கேபிள வெட்டி சாக்குல போடும்மா."

கட்டரை வைத்து அமுக்கினேன். ஒரே அமுக்கில் அறுந்துவிட்டது.