ரவிக்கைக்குள் போன சாவி

நாலு பேர் கூடிய இடத்தில் கலைச்செல்வி வாய் திறக்கமாட்டாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மும்பை சுனாபட்டியில் ஒரு கார் காரேஜில் எட்டு வருஷமாகக் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கிறாள். டீத் தட்டோடு நிற்கிறவளை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் சேதம் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் உதட்டைப் பிதுக்குவதும், வண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்காருவதும் அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை.

புருஷன் கணேசபாண்டியன் தாராவியில் தோல் பை தைக்கிறவன். சேர்த்ததையெல்லாம் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்கினான். சாம்பிள் பைகளோடு தூரத்து நெருள் வரை கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தான். வீட்டில் சோறு பொங்குவதே அந்தக் காரை நம்பித்தான் என்றாகிவிட்டது.

மே மாதம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மாரீஸ்வரன் வந்தார்.

"அடுத்தவனை இடிச்சா அவனுக்குக் குடுக்கிற பாலிசி போதும், அண்ணாச்சி. போலீஸும் பிடிக்கமாட்டான்."

"நம்ம வண்டிக்கு ஒண்ணு ஆனா?" என்று அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கலைச்செல்வி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நம்ம வண்டிச் சேதத்துக்கும் போடுங்க. மழைத்தண்ணி இன்ஜினுக்குள்ள போனா அதுல தரமாட்டாங்க. அதுக்குத் தனியா ஒண்ணு உண்டு. அதையும் சேத்துக்கிடுங்க."

"ஏட்டி, நான் காரு வாங்கியிருக்கேனா, கப்பலா?"

"ஜூலையில மாட்டுங்கா ரோடு கடலுதான?"

மாரீஸ்வரன் சிரித்துவிட்டார். "மதினி சொல்லுததுதான் சரி, அண்ணாச்சி."

முனகிக்கொண்டே கணேசபாண்டியன் பணத்தைக் கட்டினான்.

ஜூலையில் கடல் வந்தது. மழையால் காரேஜுக்கு லீவு. வீட்டிலிருந்த கலைச்செல்விக்குக் கணேசபாண்டியன் போன் அடித்தான். "மாட்டுங்கா மார்க்கெட்டுகிட்ட வண்டி நின்னுட்டு. பானட் வரைக்கும் தண்ணி. எல்லாரும் சாவியத் திருப்பி செல்ஃப் அடிச்சுப் பாருங்காங்க..." லைன் அறுந்தது.

தண்ணீர் குடித்த இன்ஜினில் சாவியைத் திருப்பினால் உள்ளே கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும். திருப்பியது தெரிந்தால் எந்தப் பாலிசியும் கைகொடுக்காது. அப்படிச் செத்த இன்ஜின்களைக் காரேஜில் எத்தனை பார்த்திருக்கிறாள்! தையல் மெஷின்களை விற்றாலும் புது இன்ஜினுக்குக் காணாது.

செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். மாட்டுங்காவில் இடுப்பளவுத் தண்ணீர். காரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள்.

"செல்ஃப் மாரோ, பாய்! ஏக் பார் மாரோ!" ஒரே ஒரு தடவை அடித்துப் பார் என்று நச்சரித்தார்கள்.

கணேசபாண்டியன் கை சாவிமேல் இருந்தது. கலைச்செல்வி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவன் விரல்களைத் தட்டிவிட்டு, சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திருப்பினீங்களா?"

"இல்லை, இப்பதான் திருப்பப் போனேன். சாவியைத் தா, பிள்ள."

"தரமாட்டேன்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். கட்டி இழுத்துக் காரேஜுக்குக் கொண்டுபோவோம். அங்க தாரேன்."

"பாய், அப் நிகாலோ!" இப்போது எடு பார்க்கலாம் என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. அவள் முகம் எரிந்தது. ஆனாலும் அசையவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். தண்ணீரில் நிற்கும் வண்டியைப் படம் பிடித்து அனுப்பினாள். இழுவை வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் டிவைடர்மேல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் சர்வேயர் இன்ஜினைப் பிரிக்கச் சொன்னார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கம்பி ஒன்றும் வளையவில்லை.

"ஸ்டார்ட் நஹீ கியா?" ஸ்டார்ட் செய்யவே இல்லையா என்று கேட்டார்.

"கர்னே நஹீ தியா, சாப்" என்று கணேசபாண்டியன் மனைவியைக் காட்டினான். "பீவி நே." செய்யவிடாமல் தடுத்தது பெண்டாட்டிதான் என்றான்.

பணம் தரலாம் என்று சர்வேயர் கையெழுத்துப் போட்டார். நாற்பதாயிரத்துச் சொச்சம் பில்லில் இவர்கள் தலையில் விழுந்தது இரண்டாயிரம்தான்.

வண்டி தயாரான அன்று, அதைச் சரிசெய்த காரேஜ் மிஸ்திரி சாவியை நீட்டினார். கணேசபாண்டியன் வாங்கவில்லை. "நீயே திருப்பு" என்றான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"திருப்பத்தான சொல்லுதேன்."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே தடவையில் இன்ஜின் உறுமியது. காரேஜே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. இறங்கத் தோன்றவில்லை அவளுக்கு. உள்ளங்கையை வைத்து ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்தினாள்.