குருவுக்கு விழாத அடி

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் மாதுவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் என்பது பெயர்ப்பலகையின் கருத்து. உள்ளே போய் வந்த வண்டிகளைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும். மாதுவிடம் ஸ்பேனர் செட் இருந்தது. ஆனாலும் கை முதலில் போவது இரண்டு கிலோ சுத்தியலிடம்தான். கழலாத நட்டிடம் கெஞ்சிக்கொண்டிருப்பது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை.

மனிதர்களிடமும் அதே கொள்கையைப் பாரபட்சமில்லாமல் கடைப்பிடித்தார். கார்ப்பரேட்டர் ரிப்பேர் சரியில்லை என்று திரும்பி வந்த பால்காரரை அதே கார்ப்பரேட்டரால் அடித்தார். வாசலில் நின்று ஹாரன் அடித்து அவசரப்படுத்திய வேன் டிரைவருடைய முன்பற்கள் இரண்டுக்கு அன்றே விடுதலை கொடுத்தார். அப்படியும் கூட்டம் குறையவில்லை. மாது தொட்ட வண்டி பயந்துகொண்டாவது ஓடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

இந்தப் பொற்காலத்தை முடித்துவைத்தவர் மனைவி நிர்மலா. மகள் சந்தியாவின் மஞ்சள் நீராட்டுச் சீர் விருந்தில், நிர்மலாவின் தம்பி குரு பக்கத்து இலையிலிருந்து, "மாமா, பாயாசத்த சோத்துமேல ஊத்திக்கக் கூடாதுங்க, தனியாத்தான் குடிக்கணும்" என்றான். மாது இடதுகையாலேயே அவன் மூக்கை உடைத்தார். பாயாசம் சிவந்தது. நிர்மலா தம்பியின் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"மனுசன்னு இருக்கற எதையாவது இன்னொரு தடவ அடிச்சீங்கன்னா, சந்தியாவக் கூட்டிக்கிட்டு காரிமங்கலம் எங்கம்மா வூட்டுக்குப் போயிருவங்க. திரும்பி வரமாட்டன்."

நிர்மலா சொன்னால் சொன்னதுதான். மாமியாரோடு பேசமாட்டேன் என்று ஒருமுறை சொன்னவர், மாமியாரின் சாவில்கூட வாய் திறந்து ஒப்பாரி வைக்கவில்லை. மாது பயந்தார். சந்தியா எப்போதும் அவர் தட்டிலிருந்துதான் அப்பளத்தைப் பிடுங்கித் தின்பாள். பிடுங்க ஆளில்லாமல் ஒரு முழு அப்பளத்தைத் தனியாகத் தின்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றோடு மனித குலத்துக்கும் அவருக்கும் போர்நிறுத்தம்.

இந்த நேரம் பார்த்துத்தான் குரு ஒரு மினி லாரியில் அந்தச் சனியனைக் கொண்டுவந்து இறக்கினான்.

நாலு குண்டுச் சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், குதிரை மாதிரி ஏறி உட்காரும் சீட். அருவிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு லாட்ஜில் டூரிஸ்ட்டுகள் ஓட்டி ஓட்டிக் கொன்ற குவாட் பைக். அதன் பிறகு மீன் வறுக்கிற கடைகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறது. சீட்டுக்குள் பூனை குட்டி போட்ட அடையாளம் இருந்தது. மீன் எண்ணெய் வாசம் ரோட்டு வளைவு தாண்டி அடித்தது.

"மாமா, ஆடிப் பெருக்குக் கூட்டத்துல வாடகைக்கு ஓட்டறோம். நீங்க சும்மா ரிப்பேர் பண்ணுங்க. எப்படிப் பண்றதுன்னு நான் சொல்றேன்" என்றான் குரு.

மாதுவின் கை தானாக எழுந்தது. உள்ளேயிருந்து நிர்மலா எட்டிப் பார்த்தார். எழுந்த கை திசை மாறி வண்டியின் மட்கார்டில் இறங்கியது. மட்கார்டு இரண்டாகப் பிளந்தது. அந்தக் கணத்தில் மாதுவுக்கு ஞானம் பிறந்தது. நிர்மலாவின் சட்டத்தில் குவாட் பைக் மனுசன் இல்லை.

அன்றிலிருந்து குரு பேசப் பேச வண்டி அடி வாங்கியது. பிஸ்டன் துருவேறி சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைக்க மாது கேனைத் தூக்கும்போதே, "மாமா, டீசல் ஊத்தணும்ங்க" என்றான் குரு. கேனைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். பிஸ்டன் வெளியே வந்தது, சிலிண்டரின் பாதியோடு. தர்மபுரி பழைய இரும்புக் கடையில் வேறு சிலிண்டர் தேடிக் கொண்டுவந்தார். மேக்னட்டைக் கழற்றும்போது, "புல்லர் போட்டு இழுக்கணும் மாமா, வீடியோல பாத்தேன்" என்றான். மேக்னட்டில் விழுந்த அடியில் அதை இடத்தில் பிடித்து வைக்கும் சின்ன கீ நசுங்கிப்போனது. அதனால் தீப்பொறி முந்திக்கொண்டு பாய ஆரம்பித்தது. ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுத்தால் இன்ஜின் கயிற்றைத் திருப்பி இழுத்தது. மாதுவின் கட்டைவிரல் பிசகியது. கார்ப்பரேட்டர் வழியாக ஒரு தடவை நெருப்பைத் துப்பியது. புருவம் இரண்டும் போயின.

"வண்டி திருப்பி அடிக்குதுங்களே மாமா" என்றான் குரு, கரிசனத்தோடு.

வாழ்க்கையில் முதன்முறையாகச் சரிக்குச் சரியாக நிற்கும் எதிரி கிடைத்ததில் மாதுவுக்கு உள்ளூர ஒரு மரியாதை வந்தது. புதுக் கீ போட்டார். கார்ப்பரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்தார். இன்ஜின் ஒருவழியாக உறுமியது. "ஆஃப் பண்ற சுச்சு தப்பான பக்கம் இருக்குதே" என்று குரு சொன்னதும் சுவிட்சைப் பிய்த்து ரோட்டைத் தாண்டி எறிந்தார். "ஹேண்டில்பார் கோணலுங்க" என்றதும் ஹேண்டில்பாரில் ஒன்று வைத்தார். அந்த அடியில் ஆக்சிலேட்டர் கேபிளின் உறை மடங்கியது.

வண்டிக்குப் பூஜை போடுவதற்கு முந்தின நாள் மாது ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்த்தார். இன்ஜின் தணிய மனசில்லாமல் தணிந்தது. இன்னொரு தடவை தணியவே இல்லை, கேபிளைக் கையால் இழுத்துவிட வேண்டியிருந்தது. ஆணியில் புதுக் கேபிள் தொங்கியது. எடுத்தார்.

"அத விடுங்க மாமா. கேபிள் வேலையெல்லாம் நைஸான வேல, உங்களுக்கு வராதுங்க. பூஜை முடியட்டும், தர்மபுரில நான் ஆள் வெச்சுப் பாத்துக்கறேன்."

மாது சுத்தியலைத் தேடவில்லை. கேபிளைத் திரும்ப ஆணியில் மாட்டினார். சிரித்தார். டீ கொண்டுவந்த நிர்மலா அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

மறுநாள் சாலையோர முனியப்பன் கோயிலில் பூஜை. புளியமரத்தடியில் முனியப்பன் அருவாளோடு உட்கார்ந்திருக்க, எதிரே கல்குதிரை நின்றது. சேவல் கட்டிக் கிடந்தது. பூசாரி வேடியப்பனுக்கு ஒரு சந்தேகம்: "பைக்குன்னா ரெண்டு எலுமிச்சம்பழம், காருன்னா நாலு. இதுக்கு எத்தன வெக்கறது?"

"பேரு பைக்கு, சக்கரம் நாலு" என்றார் மாது.

பூசாரி சமரசமாக மூன்று வைத்தார். குரு நாலாவதை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

இந்தப் பக்கத்தில் ஒரு விதி உண்டு. பழத்தின் மேல் ஏறும்போது வண்டி நின்றுவிடக் கூடாது, ஒரே மூச்சில் நசுக்கிப் போக வேண்டும். நின்றால் முனியப்பனுக்கு வண்டி பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் சேவல் கறியை யாரும் தொடமாட்டார்கள். கறிமேல் ஆசைகொண்ட குரு ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினான்.

நாலு பழமும் ஒரே நேரத்தில் வெடித்தன. ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. வண்டி முன்னங்கால் தூக்கியது, பூஜைத் தட்டைச் சிதறடித்தது, பூசாரியைப் புளியமரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டு விலகியது. கயிறு அறுந்து சேவல் உயிர் தப்பியது. ஆஃப் பண்ண சுவிட்ச் இல்லாத வண்டியில் குரு முனியப்பனை இரண்டு சுற்று வலம் வந்தான். மூன்றாவது சுற்றில் கல்குதிரை குறுக்கே இருந்தது. குதிரைக்கு ஒரு கால் போனது. குருவுக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு மணிக்கட்டும் போயின. மல்லாந்து கிடந்த வண்டி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு அலறியது. மாது ஓடிப்போய் பிளக் வயரைப் பிடுங்கினார். கடைசியாக ஒரு ஷாக் கொடுத்துவிட்டு அது அடங்கியது.

நிர்மலா கிட்டே வந்தார். "கேபிள் மாட்டிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் என்பது அடிக்கத் தெரியாதவர்களின் ஆயுதம் என்று நினைத்து வாழ்ந்தவர் மாது. பழக்கமே இல்லை. ரோட்டோரம் நின்ற சந்தியாவைப் பார்த்தார். காரிமங்கலம் பஸ் மனக்கண்ணில் தெரிந்தது.

"தெரியும்" என்றார்.

நிர்மலா ஒர்க்‌ஷாப்புக்கு நடந்துபோய்ச் சுத்தியலோடு திரும்பினார். ஊர் ஒதுங்கி நின்றது. முதல் அடி ஹெட்லைட்டில், இரண்டாவது டேங்க்கில். அப்புறம் சிலிண்டர், கார்ப்பரேட்டர், மேக்னட். மாது உயிரைக் கொடுத்துச் சேர்த்த அத்தனையையும் வரிசை தவறாமல் பிரித்தார். மாது ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

"அடிச்சாப் போவேன்னுதான் சொன்னன்" என்றார் நிர்மலா, மூச்சு வாங்க. "நீங்க அடிக்கலீங்க, அடிபட விட்டீங்க. அதனால நான் போகல. நீங்க போங்க. அவனுக்கு ரெண்டு கையும் கட்டு. கட்டுப் பிரிக்கற வரைக்கும் காரிமங்கலத்துலயே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி விடுங்க. வாய் நல்லாத்தான் இருக்குது, பேசுவான். அவன் மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னு எங்கம்மா போன் பண்ணட்டும், அப்பறம் இந்தப் பக்கம் வராதீங்க."

மாது இப்போது காரிமங்கலத்தில் இருக்கிறார். காலையில் அடுப்பில் உலை கொதிக்கும்போதே கட்டிலிலிருந்து குரல் வருகிறது: "மாமா, மாவ ஒரேயடியாக் கொட்டக் கூடாதுங்க. துடுப்ப அப்படியா புடிக்கறது?"  மாது பானையை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, துடுப்பை ஓங்கி ஓங்கி ராகிக் களிக்குள் இறக்குகிறார். காரிமங்கலத்தில் இவ்வளவு கட்டியில்லாத களியைத் தான் தின்றதே இல்லை என்கிறார் மாமியார் தீர்த்தம்மாள்.