இரண்டு விரல் வாட்டம்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் எத்திராஜ் வீடு கட்டியபோது கொத்தனார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுவர், பூச்சு எல்லாம் கொத்தனாருக்கு. மண்ணுக்குள் போகிற எதையும் எத்திராஜ் தொடவிடவில்லை. அஸ்திவாரக் குழியை அவரே வெட்டினார். கக்கூஸிலிருந்து சந்திலிருக்கும் சாக்கடைச் சேம்பர்வரை குழாய் போகும் பள்ளத்தையும் அவரேதான் வெட்டினார். தங்கவயல் சுரங்கத்தில் பாறைக்குள் வழி வெட்டிக்கொண்டு போகிற வேலையில் இருந்தவர். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது மனைவி தனலக்ஷ்மியையும் மகன் மதியழகனையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்து சேர்ந்தார். பூமிக்கடியில் அவ்வளவு ஆழத்தில் வேலை பார்த்தவனுக்கு முழங்கால் பள்ளம் வெட்ட எவன் சொல்லித்தர வேண்டும் என்று கண்டவரிடமெல்லாம் கேட்பார். சொல்லித்தருகிறேன் என்று யாரும் போகவில்லை. இருந்தாலும் கேட்பார்.

ஒரே ஒருமுறை கொத்தனார் வாய் திறந்தார். குழாய்க்கு வாட்டம் போதாது, தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும், இந்த நீளத்துக்கு ஒரு சாணாவது இறக்கிக் கொடுங்கள் என்றார். எத்திராஜ் ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டி, நீ சுவரைப் பார் என்று அனுப்பிவிட்டார். குழாய்களை ஒவ்வொன்றாக மட்டம் பார்த்து இறக்கி, மூட்டுக்கு மூட்டு சிமெண்ட் பூசினார். வேலை அவ்வளவு நேர்த்தி. வேடிக்கை பார்த்த எங்களுக்கே பொறாமையாக இருந்தது.

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. தனலக்ஷ்மி ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலைக்குப் போனார். எத்திராஜ் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேன், மதியழகன் இன்னொன்றில் லேத் ஓட்டினான். பகலெல்லாம் வீடு பூட்டியே கிடக்கும். குழாய்க்குள் அழுக்கு மெல்ல மெல்லச் சேர்ந்தது யாருக்கும் தெரியாது.

பிறகு மதியழகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பிரேசர் டவுன், பெயர் இளவேனில். அவர்களும் தங்கவயலிலிருந்து வந்தவர்கள்தான். சந்தில் எல்லாரும் முதலில் பார்த்தது அவள் முகத்தையல்ல, பின்னலைத்தான். முழங்கால் தொடும் பின்னல். சும்மா சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட முடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்காக அவள் கர்வப்பட்டதும் கிடையாது. தலைக்குக் குளித்த நாளில் வாசலில் நின்று காயவைப்பாள், போகிற வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவாள்.

அவளுடைய அம்மா முதல்முறையாக வந்து தங்கிய சமயத்தில் வீட்டில் அடைத்துக்கொண்டது. கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல், குளிக்கிற இடத்தின் ஓட்டை வழியாக மேலே வந்து நின்றது. சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். எத்திராஜுக்கு மானம் போயிற்று.

சேம்பர் மூடியைத் திறந்ததும் சந்தே கூடிவிட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டால் எங்கள் சந்தில் எல்லாருமே இன்ஜினியர்தான். புங்கமரத்து வேர் மூட்டுக்குள் நுழைந்திருக்கும் என்றார் ஒருவர். எதிர்வீட்டு பாகீரதி, டீத்தூளையும் கஞ்சியையும் கொட்டினால் வேறென்ன ஆகும் என்றாள். துணி போட்டிருப்பார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள் சிலர். எத்திராஜ் மூங்கில் பிளாச்சைக் குழாய்க்குள் விட்டுக் குத்தி இழுத்தார். நுனியில் சேறும் சோப்பும் கலந்து ஒரு கொத்து முடி வந்தது. நீளமான முடி. யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

அதை அங்கேயே ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். மனுஷன் பிளாச்சைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கோங்கபா, எங்க மருமவ கொண்டாந்த சீதனம்."

சந்தே சிரித்தது. இளவேனில் அம்மாவோடு வாசலில்தான் நின்றிருந்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் அந்த முடிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் உடம்பிலிருந்து எதையோ உருவிச் சந்தில் மாட்டிவிட்டதுபோல.

அதற்குப்பின் அவள் வாசலில் முடி உலர்த்தவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து சீவி, உதிர்ந்த முடியைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவாள். தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பிரேசர் டவுன் போய்விடுவாள். மாமியார் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மதியழகன் வழக்கம்போல லேத்துக்குப் போய்வந்தான். அப்பாவிடம் பேசும் பழக்கம் அவனுக்கு இல்லை. எனக்கு அவன்மேல்தான் அதிகம் கோபம்.

இவ்வளவு செய்தும் மறுபடி அடைத்தது. இந்தமுறை பிளாச்சுக்கு அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது எத்திராஜ் பள்ளத்தைத் தோண்டி, நடுவில் ஒரு குழாயை உடைத்து எடுத்தார். உள்ளே கண்டதை அவரே பின்னால் சொன்னதால்தான் எங்களுக்குத் தெரியும். குழாயின் அடி முழுவதும் வண்டல் படிந்து இறுகிக் கிடந்தது. அதன்மேல் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல், தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி நின்றிருந்தது. முடி அந்த வண்டலில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான்.

ரசமட்டம் வைத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. சுரங்கத்தில் தரை கண்ணுக்குத் தெரியாத சரிவில்தான் போகும். கசிகிற தண்ணீர் மெல்ல வெளியேறினால் போதும். சரிவு கூடிவிட்டால் தாது ஏற்றிய வண்டி தள்ளுகிறவன் கையை மீறி ஓடும், ஆளைக் கொல்லும். அந்தச் சரிவு அவர் கையில் ஊறிப்போயிருந்தது. வீட்டுக் குழாயில் ஓடியது வண்டியுமில்லை, வெறும் தண்ணீருமில்லை, கழிவு; அதற்குச் சரிவு கூடுதலாக வேண்டும். கொத்தனார் கேட்டது ஒரு சாண். எத்திராஜ் கொடுத்திருந்தது இரண்டு விரல்.

வண்டலை வழித்தெடுத்தார். புதுக் குழாயொன்றை அதே மட்டத்தில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். முழுக்கத் தோண்டினால் ஏன் என்று கேட்பார்கள். இன்னா எத்திராஜு, இன்னா கோளாறு என்று சந்தில் விசாரித்தவர்களிடம், "எல்லாம் முடிதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டார். சொல்லும்போது இளவேனில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கையில் பையோடு சந்துக்குள் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்தமுறை பிரேசர் டவுன் போய்த் திரும்பியபோது அவள் முடி கழுத்தோடு நின்றது.

தனலக்ஷ்மி வாயிலடித்துக்கொண்டு அழுதார். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை அத்தை, இனிமேல் அடைக்காது இல்லையா என்றாளாம். எத்திராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை என்றார் பிறகு.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மீண்டும் அடைத்தது.

மீண்டும் சேம்பர் மூடி திறந்தது, மீண்டும் நாங்கள் கூடினோம். பாகீரதி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வாசலில் நின்ற இளவேனிலின் மொட்டைக் கழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் பயந்துபோய், இதற்குமேல் எதை வெட்டுவது என்பதுபோல் நின்றிருந்தாள். எத்திராஜ் பிளாச்சைக் குழாய்க்குள் விடாமல் கீழே வைத்தார். பேசும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"முடி இல்லபா. முடியால ஒண்ணும் ஆவல. நான் போட்ட பைப்புக்கு வாட்டமே இல்ல. போன தபா தோண்டனப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மூடனேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும். தனலக்ஷ்மி உள்ளேயிருந்து வந்து புருஷன் எதிரில் நின்றார்.

"இந்த வாய அன்னிக்குத் தொறந்திருந்தா அந்தப் பொண்ணு தலையில முடி இருந்திருக்கும்யா."

எத்திராஜ் வேலைக்கு லீவு போட்டு, பள்ளத்தை முழுக்கத் தோண்டினார். பழைய குழாய்களை எடுத்துப்போட்டுவிட்டு, அதே கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். கொத்தனார் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு வெட்டினார். ஒரு சாண் இறக்கம் வந்தது. கடைசியில் இளவேனில் உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்ற, இவர் சேம்பர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். வந்ததா மாமா என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். வந்தது என்றார். அந்தக் குழாய் அதற்குப்பின் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

சந்தில் அவர் சுரங்கப் பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று. பேரன் பிறந்த பிறகு ஒருநாள், துணிந்து மருமகளிடம் கேட்டுக்கொண்டார்.

"முடிய வளத்துக்கம்மா."

"இதுவே சௌகரியமா கீது மாமா. தலைக்கு ஊத்திக்கினா சீக்கிரம் காஞ்சிடுது."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னாள். எத்திராஜ் சாகும்வரை அவள் வளர்க்கவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றால், அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.