எட்டாமிடம் அடெரிட்டோ

ஆகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் ஊர் ஆண்களுக்குப் புத்தி கெட்டுப்போகும். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் காரில் வந்து இறங்குகிற மாதம் அது. கால்பந்துக் கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற மாதமும் அதுதான். இரண்டும் ஒன்றாக வந்து தொலைப்பதால் என் காபிக் கடையில் காது கொடுத்துக் கேட்க முடியாது. எந்தக் கிளப் எவனை எத்தனை லட்சம் யூரோவுக்கு வாங்கியது, நாம் ஏன் வாங்கவில்லை, வாங்கியிருந்தால் எங்கே போயிருப்போம் என்று காலைக் காபியில் ஆரம்பித்தால் நான் கதவைச் சாத்துகிறவரை ஓயாது. எங்கள் கிளப்பின் ரிபெய்ரால்வா ஸ்டேடியத்துக்கு நேர் எதிரில் கடை வைத்துவிட்டு நான் முகம் சுளித்து என்ன ஆகப்போகிறது.

இந்தக் கூட்டத்தில் கனவே காணாத ஒரே மனிதர் அடெரிட்டோ. முப்பத்தைந்து வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எத்தனை புழுக்கத்திலும் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கும்போது எல்லாரும் முதல் டிவிஷனுக்குப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். அவர் மட்டும், "ரெண்டாம் டிவிஷன்ல எட்டாமிடம் வந்தா போதும்பா, நமக்கு அதுவே பெரிசு" என்பார். கடன் இல்லாமல், கீழே இறங்காமல், சொந்த ஊர்ப் பையன்களை வைத்து ஆடினால் எட்டாமிடம்தான் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பல வருடம் அதுவே நடந்தும் தொலைத்தது. அதனால் ஊர் அவருக்கு எட்டாமிடம் என்றே பெயர் வைத்துவிட்டது. "எட்டாமிடம் வந்தாச்சு, காபி போடுங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் தொப்பியைத் தொட்டு அந்தப் பெயரை வாங்கிக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் கிளப் உறுப்பினர்களுடையது. எந்தப் பெரிய முடிவென்றாலும் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை வருடமாகச் சந்தா கட்டி வருகிறாயோ, அதற்கேற்ப ஓட்டு ஏறும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒன்று, எனக்கு ஐந்து, அடெரிட்டோவுக்கு இருபது. அவர் பிறந்த அன்றைக்கே அவருடைய அப்பா முதலில் கிளப்புக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டு, அப்புறம்தான் பிறப்பைப் பதிவு செய்யப் போனாராம். அடெரிட்டோவும் தன் மகன் துவார்த்தேக்கு அதையேதான் செய்தார். ஆனால் துவார்த்தே ஊரைவிட்டுப் போனபோது கோபத்தில் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மனம் மாறித் திரும்பச் சேர்ந்தான். அன்று அடெரிட்டோ கடையில் இருந்த எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் திரும்பச் சேர்ந்தவன் புது ஆள்தான். அவனுக்கு ஒரு ஓட்டு.

போன ஆகஸ்டில் கிளப் தலைவர் ஒரு யோசனையோடு வந்தார். அத்தித்தோப்பு மைதானத்தை விற்றுவிடுவது. அது ஊரின் தெற்கு ஓரத்தில் பிள்ளைகள் பயிற்சி செய்கிற மைதானம். அதில் வருகிற பணத்தில் ஓர் உருகுவே ஃபார்வர்டையும் இரண்டு டிஃபெண்டர்களையும் வாங்கினால் ஒரே வருடத்தில் முதல் டிவிஷன், அப்புறம் டிவி பணம், அப்புறம் பழையதைவிடப் பெரிய மைதானம். தலைவர் மேசை நாற்காலி செய்து விற்கிறவர். எதையும் பாலிஷ் போட்டுத்தான் காட்டுவார்.

பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் முன்னால் என் கடையில் சண்டை உச்சத்துக்குப் போனது. முடிதிருத்துகிற கசிமீரோ விற்கிற கட்சி.

"பந்தை வச்சுக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் பாஸ் போட்டே இன்னும் எத்தனை வருஷம்யா ஓட்டுவீங்க? உள்ள தள்ள ஒரு ஆள் வேணாமா?" என்றார் அவர்.

"வேணும்தான். அதுக்காக அடுப்பை வித்து மீன் வாங்குவியா?" என்றார் அடெரிட்டோ. "அந்த உருகுவேக்காரன் ரெண்டு வருஷம் ஆடுவான், போயிருவான். அத்தித்தோப்பு போச்சுன்னா திரும்ப வருமா? இன்னைக்கு நம்ம டீம்ல ஆடுற அஞ்சு பேரு அங்கேருந்து வந்தவங்கதான்."

"அந்த அஞ்சு பேரும் சேர்ந்து போன சீசன்ல எத்தனை கோல் அடிச்சாங்க, அதைச் சொல்லு."

கடையே சிரித்தது.

"எட்டாமிடம் வந்தோமா, இல்லையா?"

"வந்தோம் சாமி, வந்தோம். மெடல் வாங்கித் தர்றேன், கழுத்துல போட்டுக்கிட்டுப் படு."

துவார்த்தே அதுவரை வாய் திறக்கவில்லை. பீரோடு கொறிக்க ஊற வைத்த லூப்பின் பயறைத் தோல் பிதுக்கித் தின்றுகொண்டிருந்தான். லக்ஸம்பர்க்கில் சுவர் பூசுகிற வேலை அவனுக்கு. விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை இருக்கும்.

"எட்டாமிடம் போதுமாப்பா?" என்றான்.

"போதும்னு ஆசைப்பட்டாடா சொல்றேன்? நம்ம தகுதி அதுதான். நம்ம அளவு ஊரு பெரிய கிளப்போட மல்லுக்கு நின்னு, கடைசியில கேட்டைப் பூட்டிக்கிட்டுப் போனதை நீ பாக்கலையா?"

"தகுதியை யாருப்பா முடிவு பண்றது? என் தகுதியையும் நீங்கதானே முடிவு பண்ணீங்க?"

அந்த விஷயம் கடையில் எல்லாருக்கும் தெரியும். துவார்த்தே பதினைந்து வயதில் இடது விங்கில் ஓடினால் பிடிக்க ஆளில்லை. லிஸ்பனிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்து பார்த்துவிட்டு, பையனை அனுப்புங்கள் என்றார். படிப்பு முடியட்டும், இங்கேயே ஆடட்டும், இன்னொரு முறை வருவார்கள் என்று அடெரிட்டோ சொல்லிவிட்டார். இன்னொரு முறை யாரும் வரவில்லை.

"டெப்போல இன்ஸ்பெக்டர் வேலை குடுத்தாங்க, வேணாம்னீங்க. பஸ்ஸே போதும்னீங்க. நீங்க எல்லாத்துலயும் எட்டாமிடம்தான்பா. உங்க பக்கத்துலயே என்னையும் உக்கார வச்சுட்டீங்க."

அடெரிட்டோ பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கசிமீரோவின் முகம் சிவந்துவிட்டது. "தம்பி, அவரை நாங்க கிண்டல் பண்ணலாம். நீ பண்ணக் கூடாது" என்றார். துவார்த்தே தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது, அழுதுவிடுவானோ என்றும் இருந்தது.

பொதுக்குழு தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நடந்தது. எண்ணுவதற்கு வசதியாக ஓட்டு வாரியாகத்தான் உட்கார வைப்பார்கள். இருபது ஓட்டுக்காரர்கள் நீல அட்டையோடு முன்வரிசையில், ஐந்து ஓட்டுக்காரர்கள் மஞ்சள் அட்டையோடு நடுவில், ஒற்றை ஓட்டுக்காரர்கள் வெள்ளை அட்டையோடு கடைசியில். நான் நடுவில் இருந்ததால் அப்பாவின் முதுகும் தெரிந்தது, திரும்பினால் மகனின் முகமும் தெரிந்தது. சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மண்டபத்துக்கும் தனித்தனியாகத்தான் வந்தார்கள்.

இரண்டு மணி நேரம் கத்தித் தீர்த்த பிறகு, "விக்கலாம்னு சொல்றவங்க அட்டையைத் தூக்குங்க" என்றார் மேடையில் இருந்தவர்.

பின்னால் வெள்ளை அட்டைகள் மளமளவென்று எழுந்தன. இளவட்டங்கள் நாற்காலி மேலேயே ஏறி நின்றார்கள். முன்வரிசையில் நாலைந்து நீலம்தான் எழுந்தது. அதில் ஒன்று அடெரிட்டோவுடையது.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "யோவ், இது விக்கிறதுக்கு, தப்பாத் தூக்கிட்ட" என்றார். அடெரிட்டோ கையை இறக்கவில்லை. எழுந்து நின்று, அட்டையை இன்னும் உயர்த்தி, பின்பக்கம் திரும்பினார். நாற்காலி மேல் நின்ற அந்தக் கூட்டத்தில் மகனைத் தேடினார். பரிசு வாங்கிய பிள்ளை தன் வீட்டு ஆட்களைத் தேடுகிற மாதிரி தேடினார். துவார்த்தே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவர் கண்ணில் அவன் படவில்லை, அவன் கண்ணில் அவரும் படவில்லை.

"வேணாம்கிறவங்க தூக்குங்க."

நான் என் மஞ்சளைத் தூக்கினேன். முன்வரிசை நீலமாக எழுந்தது. பின்னால் வெள்ளையில் ஏழெட்டுப் பேர்தான். தூணுக்குப் பக்கத்தில் துவார்த்தே எழுந்து நின்று கையை நீட்டித் தூக்கினான். அவனும் முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அப்பாவின் நீல அட்டையைத் தேடி.

அடெரிட்டோவின் அட்டை மடியில் கிடந்தது. இருவரும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு முறை போட்ட ஓட்டை மாற்ற எங்கள் கிளப்பில் வழி கிடையாது.

விற்கிற கட்சி முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தது. அடெரிட்டோவின் இருபது வழக்கம்போல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் தோற்றிருப்பார்கள். அந்தக் கணக்கைப் போட ஊருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

லக்ஸம்பர்க்குக்குக் கிளம்புகிற காலையில் துவார்த்தே காபி குடிக்க வந்தான்.

"அவர் ஏன்க்கா அப்படிப் பண்ணாரு?"

"நீ ஏன்டா அப்படிப் பண்ணின?"

"சண்டை போட்ட மறுநாள் அத்தித்தோப்புப் பக்கம் நடந்து போனேன். நான் ஆடும்போது அவர் பஸ்ஸை அங்க ஓரமா நிறுத்துவாரே, ஞாபகம் இருக்கா? உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க. நான் கார்னர் அடிச்சு முடிக்கிறவரைக்கும் எடுக்க மாட்டாரு. அந்த மனுஷனைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே. ஒரு தடவையாவது அவர் பக்கம் நின்னு கை தூக்கலாம்னு நினைச்சேன்."

"இதை என்கிட்ட ஏன் சொல்ற? போய் உங்க அப்பாகிட்ட சொல்லு!"

"சொன்னா அவர் தாங்க மாட்டாருக்கா."

அவன் போய்விட்டான். எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அன்று சாயங்காலம் அடெரிட்டோ வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

"நானும் அதேதான் நினைச்சேன் ஜுல்மீரா" என்றார். "பதினஞ்சு வயசுல அவனுக்கு வேணாம்னு சொன்னேன். இப்பவாச்சும் அவன் கேக்கறதுக்கு சரின்னு சொல்லிருவோம்னு தூக்கினேன். அவன் செஞ்ச தப்பு ஒரு ஓட்டு. என்கிட்ட இருபது இருந்துச்சே."

உருகுவேக்காரன் வந்தான். தங்கமான பையன். நவம்பர் வரை கோலாக அடித்தான், அப்புறம் முழங்கால் போய்விட்டது. சீசன் முடிவில் நாங்கள் பதினோராம் இடம். அத்தித்தோப்பில் கட்டிடம் கட்டக் குழி தோண்டி இரும்புக் கம்பி நட்டார்கள். பிள்ளைகள் பக்கத்து ஊர் மைதானத்தை இரவல் வாங்கி ஆடுகிறார்கள். அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவருவது அடெரிட்டோ. சம்பளம் எதுவும் வாங்குவதில்லை.

ஒரு விஷயத்தை நான்தான் முதலில் கவனித்தேன். அந்தப் பொதுக்குழுவுக்குப் பிறகு அவரை யாரும் எட்டாமிடம் என்று கூப்பிடுவதில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை. "வாங்க அடெரிட்டோ சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள், கசிமீரோ உட்பட. விற்கச் சொல்லிக் கத்தியவர் அவர்தான், மரியாதை கொடுத்துக் கொல்கிறவரும் அவர்தான். அடெரிட்டோ உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விடுவார். யாரை வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த ஆகஸ்டில் துவார்த்தே மறுபடி வந்தான். காரை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குள் நுழைந்தான். எதுவும் மாறாத மாதிரி காட்டிக்கொள்ள வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பான் போல.

"எங்கேக்கா நம்ம எட்டாமிடம்?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டான்.

கசிமீரோ கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். அடெரிட்டோ ஜன்னல் ஓரத்திலிருந்து திரும்பி மகனைப் பார்த்தார்.

"அந்தப் பேரை வித்தாச்சுடா" என்றார். "மைதானத்தோட சேத்து."

துவார்த்தே அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் இரண்டு காபி கொண்டுபோய் வைத்தேன். அவை ஆறிப்போயின.