சல்லடையின் முடிச்சு

மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். யார் யார் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தார். கட்டடம் எழும்பப்போகும் இடத்தில் குழி போட்டு எடுத்த மண்ணைச் சலித்து, நனைத்து, நசுக்கி, அது பாரம் தாங்குமா என்று சொல்வது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக மண்ணைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர் மனுஷரை மட்டும் சும்மா விடுவாரா? மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்வந்தால், இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அந்த அக்காவிடமும் தனியாகக் கேட்டு ஒத்துப் பார்ப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் வேன் ஓட்டுநர் கொண்டுவரும் மண் பைகளைக் கூடத்தில் வைக்க அவருக்கு மனசு வராது. காவலாளியிடம் ஒரு சாவி இருக்கிறதே. அதனால் பைகள் நேராக அவர் வீட்டுக்கே வந்துவிடும். ஒவ்வொரு பையின் வாயையும் தாமே கண்டுபிடித்த ஒரு முடிச்சால் மறுபடி கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். மூன்று சுற்று, உள்ளே ஒரு வளையம், இரண்டு நுனியும் ஒரே நீளம். அந்த முடிச்சை வேறு யாராலும் போட முடியாது என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் சந்தேகப்படாத விஷயம்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை, சீனத்து மண் வீடுகளைப் பற்றி ஒரு போஸ்டர் செய்துவரப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் படத்தைக் காட்டினாள். வட்டமான ஒரே வீடு, நாலு மாடி, உள்ளே ஏகப்பட்ட குடும்பங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாசல். வெறும் மண் நாலு மாடி நிற்காது, படத்தில் ஏதோ தில்லுமுல்லு என்றார் அவர். அடிச்சுவரின் அகலத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் என்று எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். அளந்தது யார் என்று கேட்டார். எட்டிப் பார்த்த மனைவி, கீழ்மாடியில் ஒரு ஜன்னல்கூட இல்லையே, இதை உங்கப்பாதான் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போஸ்டரில் சுவருக்கு ஒட்டக் கொஞ்சம் மண் கிடைக்குமா என்று மகள் கேட்டாள். எதற்கு, எவ்வளவு, கேட்கச் சொன்னது யார் என்று அவர் ஆரம்பித்ததுமே, ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அவர் கதவில் காதை வைத்துப் பார்த்தார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. யாரோ வரைந்து கொடுத்ததை வெட்டி ஒட்டுகிறாள் என்று முடிவுகட்டினார்.

திங்கட்கிழமை கூடத்தில் எடை போட்டபோது, மூன்றாம் குழி என்று சீட்டு எழுதிய பையில் அரைக் கிலோ குறைந்தது. குழி போட்ட இடத்தில் சீட்டில் எழுதிய எடை ஒன்று, இங்கே காட்டும் எடை ஒன்று. ஈரம் காய்ந்தால் கொஞ்சம் குறையும், இவ்வளவு குறையாது. முடிச்சோ போட்டது போட்டபடி இருந்தது. அப்படியென்றால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால்தான் கை வைத்திருக்கிறார்கள். நடுவில் பையைத் தொட்டது ஓட்டுநர் ஒருவர்தான். மட்டமான மண்ணை எடுத்துவிடக் கட்டடக்காரனோடு கூட்டு என்று மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் எடுக்கவில்லை என்று ஓட்டுநர் மன்றாடியது எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை பெற்றோர்கள் வந்து பார்க்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். யார் வரைந்தது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் போனார். ஜன்னல் கம்பியில் போஸ்டர் தொங்கியது. கோடுகள் கொஞ்சம் கோணல், மகளுடையதேதான். வட்டச் சுவர் முழுக்க நிஜ மண் பசை போட்டு ஒட்டியிருந்தது. பழக்க தோஷம், ஒரு சிட்டிகை சுரண்டி விரலில் தேய்த்தார். சிவப்பு, நடுவே வெள்ளைப் பொடிக்கற்கள். மூன்றாம் குழி. தலையைத் தூக்கினால், போஸ்டரைக் கம்பியில் கட்டியிருந்த நூலில் மூன்று சுற்று, உள்ளே ஒரு வளையம், இரண்டு நுனியும் ஒரே நீளம். பக்கத்தில் நின்ற மகள் பக்கம் திரும்பினார்.

"இந்த முடிச்சு உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"வாராவாரம் நீங்க போடறதப் பாக்கறேனேப்பா. மண்ணு கேட்டா ஆயிரம் கேள்வி கேக்கறீங்க. அதான் நானே எடுத்துக்கிட்டேன்."

ஓட்டுநர் விஷயத்தை அவர் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

மண்ணை எடுத்தது தன் மகள்தான் என்று அவர் போய்ச் சொன்னதை மேலாளர் லேசில் நம்பவில்லை. பரிதாபப்பட்டு ஓட்டுநரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். வாய்வார்த்தை செல்லாது, பரிசோதனை முடிவு மட்டுமே செல்லும் என்று சுவரில் எழுதி ஒட்டியதே நீங்கள்தானே என்று அந்தத் தாளையும் காட்டினார். ஆகவே போஸ்டர் கூடத்துக்கு வந்தது. ஒட்டிய மண்ணை மகளே தேக்கரண்டியால் சுரண்டிப் போட்டாள். கைவசம் மிச்சமிருந்த மண்ணையும் கொண்டுவந்திருந்தாள். பசை போக மண்ணும் எடையும் ஒத்துப்போயின, ஓட்டுநருக்கு வேன் சாவி திரும்பக் கிடைத்தது. நாலு மாடி வீட்டில் வாசல் மட்டும் மிஞ்சியது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் ஓட்டுநர் பைகளோடு வீட்டுக்கு வந்தார். சல்லடை ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். ஓட்டுநர் தலையாட்டினாரே தவிர, கிளம்பவில்லை. சல்லடை பைகளைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நூலை எடுத்தார்.

"இதுக்கு மேல நானும் ஒரு முடிச்சுப் போட்டுக்கறேன் சார். திங்கக்கிழமை நான் வந்துதான் அவுப்பேன்."

ஓட்டுநர் வாசல்பக்கம் நின்ற மகளைப் பார்த்தார்.

"பாப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா. சார், நீங்களும்தான்."

அப்பாவும் மகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.