சுவரில் எழுதிய நம்பர்

வண்டியண்ணனுக்கு உட்கார வராது. ஏழு மாதமாகக் கால் தரையில் பாவாமல் அலைகிறார். டீ குடிப்பதுகூட நின்றபடிதான்.

"உக்காந்து குடிச்சா டீ கசக்குமா?" என்று மனைவி கேட்பாள்.

"ஆறிப்போயிடும்" என்பார், ஒரு பொருத்தமும் இல்லாமல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் ஆம்புலன்ஸை இருபத்து மூன்று வருஷம் ஓட்டிய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அந்த வண்டி காகிதத்தில் மட்டும் தொழிலாளிக்கானது. பிரசவ வலி, காலில் ஏறிய ஆணி, குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்த மாப்பிள்ளை என்று குடியிருப்பின் முந்நூறு வீட்டுத் துன்பமும் அதில்தான் ஏறிப்போகும். எப்போது போன் அடித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "கிளம்பிட்டேன்." அதனால் அவர் நம்பர் எல்லா அடுப்பங்கரைச் சுவரிலும் இருந்தது. சிலர் கரியால், சிலர் பெயிண்டால், ஒருத்தி நகப்பூச்சால் எழுதி வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அணையவே அணையாத உலை அணைந்தது. தொழிற்சாலையின் மருத்துவமனைக்குப் பூட்டு, டாக்டர் வேறு ஊருக்கு, வண்டி ஏலத்துக்கு. இப்போது அதில் யாரோ கோழித் தீவனம் ஏற்றுகிறாராம். அதைக் கேட்ட அன்று வண்டியண்ணன் சாப்பிடவில்லை.

மிச்சம் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரே வண்டி. தினமும் நாற்பது பேர் வந்த இடத்தில் இருநூறு பேர் வந்தார்கள். வேலை போன வீட்டில் நோய் மட்டும் சும்மா இருக்குமா? பிரஷர் ஏறியது, குடி கூடியது, மாத்திரை வாங்குவது நின்றது.

வண்டி போன பிறகும் வண்டியண்ணனுக்குப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஆலை மூடியது யாருக்குத் தெரியாது? ஆனாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாயும்போது கண் சுவருக்குத்தான் போகிறது.

நாலாம் மாதம், பட்டப்பகலில், உலை மேஸ்திரி அப்படிச் சாய்ந்தார். அவர் மனைவி வண்டியண்ணனுக்குப் போன் போட்டாள். இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கே ஓடினார். வண்டி வேறெங்கோ போயிருந்தது. அது திரும்பி வந்து மேஸ்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"அந்தம்மா எனக்குப் போடாம நேரா அங்க போட்டிருந்தா ஆள் பொழைச்சிருப்பான். என் நம்பர்தான் அவனைக் கொன்னுடுச்சு" என்றார் மனைவியிடம்.

அடுத்த வாரமே சுரண்டும் தகடும், வெள்ளை பெயிண்ட் டப்பாவும், கறுப்பு பெயிண்ட் டப்பாவுமாகக் கிளம்பிவிட்டார். வீடு வீடாகத் தன் நம்பரைச் சுரண்டி, மேலே வெள்ளையடித்து, ஆஸ்பத்திரி நம்பரைச் சாண் உயரத்துக்கு எழுதினார். ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்துக் கையில் குறித்து வந்த நம்பர்.

"என்னண்ணே, கடன்காரன் தொல்லையா? நம்பரையே அழிக்கிறீங்க" என்று கேலி செய்தார்கள்.

"வாயை மூடிட்டு ஏணியைப் பிடி" என்பார்.

மூன்று மாதத்தில் ஒரு வீடு தவிர எல்லாம் முடிந்தது. மேஸ்திரி வீட்டு வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டார். நாலாவது தடவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுப்புக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். அவர் தகட்டை எடுத்ததும் மேஸ்திரி மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அதை விட்டுடுங்க. அவரு கையால எழுதினது."

"தப்பா நினைக்காதீங்கம்மா. அன்னிக்கு நீங்க எனக்குப் போடாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போட்டிருந்தா…"

"போடலைன்னு யார் சொன்னா?" என்றாள். "ஒம்பது தடவை போட்டேன். ரிங் போய்ப் போய்க் கட்டாச்சு. அப்புறம்தான் உங்களுக்குப் போட்டேன். நீங்க எடுப்பீங்கன்னு தெரியும்."

வண்டியண்ணன் அந்த நம்பருக்கு ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அங்கேயே நின்று போட்டார். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டார். அதே கதை. எத்தனை சுவர், எத்தனை அடுப்பங்கரை! எடுக்காத நம்பரையா சாண் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம்? டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

போன் முன்கூடத்து மேசையில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வரிசையோ வாசல்படியைத் தாண்டி நின்றது.

"போன் எடுக்கிற பையனை டோக்கன் கொடுக்க மாத்திட்டாங்க" என்றாள் நர்ஸ். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எனக்கு ரெண்டு கைதாண்ணே. ஊசி போடவா, போனை எடுக்கவா?"

அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை, கூலியும் கிடையாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார்! போன் மறுபடி அடித்ததும் எடுத்து "ஹலோ" என்றார்.

"அண்ணே, நீங்களா?" என்றது ஒரு பெண் குரல். "ஐயோ, பதட்டத்துல பழைய நம்பருக்கே போட்டுட்டேன் போல."

"இல்லம்மா, சரியாத்தான் போட்டிருக்கே. என்ன ஆச்சு?"

"அத்தை மயங்கி விழுந்துட்டாங்க. வண்டி அனுப்புங்கண்ணே."

ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது போன இடத்திலிருந்து திரும்ப அரை மணி நேரமாவது ஆகும் என்று நர்ஸ் சைகை காட்டினாள்.

"அண்ணே, கிளம்பிட்டீங்களா?"

இருபத்து மூன்று வருஷம் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"வண்டி வர நேரமாகும்மா. போனை வைக்காதே. அவங்களை ஒருக்களிச்சுப் படுக்கவை. மூச்சு வருதான்னு பாரு. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றார். மேசைக்கு அடியில் அவருடைய இரண்டு காலும் ஆடிக்கொண்டே இருந்தன.