கடைசியாகச் சொன்னது

ஹெல்வியின் வாயில் ஓயாமல் வந்த பேச்சு ஒன்றுதான்: "அவரக் கேட்டுட்டுச் செய்." கனடாவில், தண்டர் பே என்ற ஊரில், மனவளர்ச்சி குன்றிய நான்கு பேர் வாழ்ந்த வீடு அது. சமையல், குளியல், மருந்து எல்லாம் அவள் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வந்தவர் யாராவது கேட்காமல் ஒருவர் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர் தொலைந்தார்.

அவளுடைய பெருமையெல்லாம் ஆர்மண்ட்தான். அறுபதைத் தாண்டியவர். சின்னப் பிள்ளையாகத் தெற்கே, இவரைப் போன்றவர்களை அடைத்துவைத்த ஒரு பெரிய விடுதியில் தள்ளப்பட்டு, தலை நரைத்த பிறகே வெளியே வந்தவர். வந்த புதிதில் வாயே திறக்கமாட்டார். ஹெல்விதான் தினமும் எதிரே நின்று கேட்டுக் கேட்டு அவரைப் பேச வைத்தாள்.

"என்ன துரை, டீயா காபியா?"

"காபி."

"பச்சைச் சட்டையா, நீலமா?"

"நீலம்."

"விட்டா நீலத்துலயே குளிப்பாரு!" என்று சிரிப்பாள். காபியில் பாதியை அவர் அப்படியே வைத்துவிடுவார். வயதானால் வயிறு சுருங்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்மண்டின் முழங்கால் விட்டுப்போனது. வீட்டில் குளியலறையோ மாடியில். மேலாளர் மர்லீன் அவரை உட்காரவைத்து, ஹெல்வி பழக்கிய முறையிலேயே பொறுமையாகக் கேட்டாள்.

"ஆர்மண்ட், நீங்க இங்கயே இருக்கணுமா, முதியோர் இல்லத்துக்குப் போகணுமா?"

"முதியோர் இல்லம்" என்றார்.

என்ன செய்வது, அவர் வாயால் சொன்னதாயிற்றே. ஹெல்வி வீட்டுக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு, மறுநாள் அவருக்குப் பெட்டி வாங்கிவந்தாள்.

புறப்படச் சில நாட்களே இருக்கையில் காபித்தூள் தீர்ந்துபோனது. வெளியே பனிப்புயல், கடைக்குப் போக வழியில்லை. ஒன்றும் கேட்காமல் டீயைப் போட்டு வைத்தாள். ஆர்மண்ட் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். அடுத்ததும் காலி. அதற்கடுத்த கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டார்.

"ஏன் துரை, காபி கசந்துபோச்சா? சரி சொல்லுங்க, காபியா டீயா?"

"டீ."

"டீயா காபியா?"

"காபி."

ஹெல்வியின் சிரிப்பு நின்றது. சட்டைகளை எடுத்து வந்தாள். நீலமா பச்சையா என்றால் பச்சை. பச்சையா நீலமா என்றால் நீலம். ரொட்டி, சூப், எதைக் கேட்டாலும் அவள் கடைசியாகச் சொன்னதே பதில். அந்த மாதிரி விடுதிகளில் காவலாள் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அடி விழாதாம். அங்கே வளர்ந்த பலருக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவள் கேள்விப்பட்டதுண்டு. தன் ஆர்மண்டுக்கு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இத்தனை வருடமாக வேண்டாத காபியை அவர் தொண்டையில் ஊற்றியிருக்கிறாள், அதுவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு.

மர்லீனிடம் ஓடினாள்.

"அவரு போறேன்னு சொல்லல மர்லீன். நீ அதக் கடைசியாச் சொன்ன, அவ்வளவுதான்."

"சரி, மாத்திக் கேளேன்."

மாற்றிக் கேட்டாள். "இங்கயே" என்றார் ஆர்மண்ட்.

"இதுவும் நீ கடைசியாச் சொன்னதுதானே?" என்றாள் மர்லீன். "உனக்கு அவர விட மனசில்ல, ஹெல்வி. அதுக்கு அவர் வாயில நீ பேசாத."

சுருக்கென்று தைத்தது. அதில் பாதி உண்மை இருந்ததால்தான் தைத்தது.

"அப்போ வாயத் தொறந்து கேக்கவே வேணாம். அங்க கூட்டிட்டுப் போவோம். அவரு என்ன செய்றாருன்னு மட்டும் பாரு."

"எப்படியும் கூட்டிட்டுத்தான் போகப்போறோம். இங்க அவர் ரூமுக்கு வேற ஆள் வரப்போவுது. போற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அன்றைக்கு ஹெல்விதான் காரை ஓட்டினாள். மர்லீன் பின்சீட்டில். இல்லத்து வாசலில் நிறுத்திவிட்டு, ஆர்மண்ட் பக்கத்துக் கதவைத் திறந்து, பேசாமல் நின்றாள். கேள்வி கேட்காமல் அவர் முன் நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது! கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீளமான நடை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். ஆர்மண்ட் அதைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல்முட்டிகள் வெளுத்துப்போயின.

"பாத்தியா மர்லீன்? பாத்தியா!"

மர்லீன் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சிரித்த முகம், நல்ல பெண். குனிந்து அன்பாகக் கேட்டாள்.

"என்ன தாத்தா, கார்லயே இருக்கப்போறீங்களா, உள்ள வர்றீங்களா?"

"உள்ள வர்றேன்" என்றார் ஆர்மண்ட். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அவரு வரல! கையப் பாரும்மா, கையப் பாரு!" என்று ஹெல்வி கத்தினாள்.

"அவரே சொல்லிட்டாரே" என்றாள் நர்ஸ், குழப்பத்தோடு. மர்லீனைப் பார்த்தாள். மர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பெல்ட்டிலிருந்து பிரித்தாள்.